மேஸ்திரியின் வலது காது

சிமெண்டுத் தரையைத் தட்டியே அதன் வயிற்றில் இருப்பதைச் சொல்லிவிடுவார் என்பதால் அவருக்குத் தட்டு மேஸ்திரி என்று பெயர். தரை பெயர்ந்திருந்தால், பெயர்ந்த இடத்தை மட்டும் பூசி மெழுகிவிட்டுப் போகிற ஆள் இல்லை. முழங்காலிட்டு, சுத்தியலால் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போவார். ‘கிண்’ணென்றால் தரை கெட்டி. ‘பொத்’தென்றால் மேல்தோல் உள்ளுக்குள் பிடி விட்டுவிட்டது, பார்க்க எத்தனை வழுவழுப்பாக இருந்தாலும் கொத்தி எடுக்கத்தான் வேண்டும். பதினெட்டு வருடமாக அவருக்குக் கலவை போட்டுக் கொடுப்பவள் அவர் மனைவி.

கால் முறிந்தவர்கள் நடை பழகும் சிகிச்சை நிலையத்தின் பின்முற்றத்தை இருவரும்தான் சரிசெய்தார்கள். மூன்றே வாரம். ஒட்டுப் போட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே தரை பாலாடை மாதிரி உரிந்து, ஊன்றுகோலோடு வந்த பெரியவர் ஒருவர் தடுமாறிவிட்டார். நர்ஸ் தாங்கிப் பிடித்ததால் தப்பித்தார். டாக்டரம்மா இவர்களைக் கூப்பிட்டுவிட்டார்.

“உங்க கை மேல இருக்கற நம்பிக்கையில இன்னொரு தடவ தர்றேன், மேஸ்திரி. மறுபடி பேந்துச்சுன்னா வேற ஆளத்தான் பாக்கணும்.”

மேஸ்திரி சிமெண்டைத் திட்டினார், மணலைத் திட்டினார், வெயிலையும் விட்டுவைக்கவில்லை. மனைவி உரிந்த சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். உரிந்த அந்த இடம் முதல் தடவை தட்டியபோதே ‘பொத்’தென்றது அவள் காதில் விழுந்திருந்தது. அவர் காதில் விழவில்லை. எப்படிச் சொல்வது? அந்த மனுஷனின் பெயரே காதில் அல்லவா இருக்கிறது! அந்தத் தயக்கத்தில் ஒரு பெரியவர் விழப் பார்த்தார் என்பதை நினைத்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த முறை அவர் தட்டிக்கொண்டே முன்னால் நகர, அவள் சாக்பீஸோடு பின்னால் போனாள். அவர் கோட்டைவிட்ட மூன்று இடங்களில் வட்டம் போட்டாள். திரும்பியவர் பார்த்துவிட்டார்.

“யாரு இங்க கிறுக்கினது?”

“நான்தான்.”

“நான் தட்டிப் பாத்த இடம்டி அது. கல்லாட்டம் இருக்கு.”

“கொத்திப் பாருங்க.”

“சட்டி தூக்கறவங்க எல்லாம் மேஸ்திரியாயிட்டாங்களா?” என்று உளியை வைத்து ஓங்கி ஒன்று போட்டார். உள்ளங்கையகலத்துக்குத் தோல் கிளம்பியது. அடியில் மாவாகத் தூசி. அடுத்த வட்டத்திலும் அதே கதை. மூன்றாவதற்குப் போகாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“வலது காது போச்சு, இடதும் மந்தமாயிருச்சு,” என்றார் மெதுவாக. “உனக்கு எப்பத் தெரியும்?”

“குக்கர் ஏழு விசில் அடிச்சப்ப நீங்க ரெண்டுன்னு அடிச்சுச் சொன்னீங்களே, அன்னிக்கு.”

“அது போன வருசமாச்சே!”

“ஆமா. அதுக்கப்புறம் நான்தான் எண்ணறேன். நீங்க கவனிச்சாத்தானே.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணும் கொஞ்சம் கலங்கியது, தூசி என்றார். அவளும் தூசிதான் என்றாள்.

பிறகு வேலை மளமளவென்று நடந்தது. ‘பொத்’தென்ற இடங்களை ஓரம் நேராக வெட்டி, கெட்டித் தரை வரும்வரை கொத்தி, தூசி போகக் கழுவினார்கள். ஈரம் காய்வதற்குள் சிமெண்டைப் பாலாகக் கரைத்துத் தடவி, கலவையை அழுத்தி நிரப்பி, மட்டப்பலகையால் இழுத்துச் சமப்படுத்தினார்கள். வழுக்காமல் இருக்க மேலே துடைப்பத்தால் மேஸ்திரி வரி போட்டார். ஈரச் சாக்கு போர்த்தி, ஒரு வாரம் இருவரும் மாறி மாறி வந்து தண்ணீர் விட்டார்கள்.

பத்தாம் நாள் டாக்டரம்மா முன்னால் மேஸ்திரி முழங்காலிட்டார். ஒரு தட்டு, நிமிர்ந்து மனைவியின் முகத்தில் ஒரு பார்வை. அவள் தலையசைத்தால் அடுத்த சாண். கடைசி மூலையில் அவள் தலை அசையவில்லை.

“இன்னொரு தடவ.”

தட்டினார். அவள் குனிந்து கேட்டாள். பிறகு தலையசைத்தாள்.

“என்ன மேஸ்திரி, தரையத் தட்டிட்டு அவங்க மூஞ்சியப் பாக்கறீங்க?” என்றார் டாக்டரம்மா.

“எனக்கு ஒரு காது போயிருச்சும்மா. இனிமே இவ கேட்டுச் சொல்றதுதான் கணக்கு.”

டாக்டரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்ப முன்வாசல் சரிவையும் ரெண்டு பேருமாப் பாத்துருங்க.”

முன்வாசலுக்குப் போனதும் மேஸ்திரி சுத்தியலை மனைவியிடம் நீட்டினார். சாக்பீஸைத் தான் வாங்கிக்கொண்டார்.