'ஏங்க' என்றால் திரும்புகிறவர்

டில்லி மயூர் விஹார் சனிக்கிழமைச் சந்தையில் ஒருநாள், "ஏங்க" என்று நான் கூப்பிட்டதற்கு என் வீட்டுக்காரர் திரும்பவில்லை. எங்களுக்கு வந்த நோய் அப்படித்தான் தொடங்கியது.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் பெண்கள் நாங்கள் புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டோம். டில்லிக்கு வந்த பிறகும் நான் சொன்னதில்லை. ஆஸ்பத்திரி கவுண்டரில் பெயர் கேட்டால் பென்ஷன் அட்டையை நீட்டுவேன். ஒன்றும் தெரியாதவள் என்று நினைப்பார்கள், நினைக்கட்டும். இதை நானேதான் எழுத்துக் கூட்டி எழுதுகிறேன். அத்தனை சந்தைக் கூட்டத்திலும் "ஏங்க" என்றால் வேறு யாரும் திரும்ப மாட்டார்கள். இந்த ஊரில் அந்தச் சொல் அவர் ஒருவருக்குத்தான்.

காது மந்தம் என்று நினைத்தேன். காது டாக்டர் சோதித்துவிட்டு, காதில் ஒரு குறையும் இல்லை என்றார். பிறகு ஒரு காலை பால் வாங்கப் போனவர், எப்போதோ ஓய்வு பெற்ற அலுவலகத்துக்கு பஸ் ஏறிப் போய்விட்டார். வாசல் காவலாளி அவரை உட்காரவைத்து டீ கொடுத்து, வீட்டுக்கு போன் செய்தான். அதற்கப்புறம்தான் மகள் மாலா எங்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள்.

ஸ்கேன் எடுத்தார்கள். அவரை ஒரு கடிகாரம் வரையச் சொல்லிச் சோதித்தார்கள். அல்சைமர் (நினைவை அரித்துக்கொண்டே போகும் மூளை நோய்) என்றார் டாக்டரம்மா. அவர் இந்தியும் இங்கிலீஷுமாகப் பேசியதை மாலா தனக்குத் தெரிந்த டில்லித் தமிழில் சொன்னாள்.

"ஒரு நர்வ் இன்னொரு நர்வுக்குச் சேதி சொல்ற இடம் இருக்காம்மா, சினாப்ஸ்னு. அதைச் சுத்தி ஸ்டார் மாதிரி ஒரு செல். அது ஆயா மாதிரி. சாப்பாடு குடுக்கும், சேதி போனதும் மிச்சத்தைப் பெருக்கி எடுத்துடும்."

டாக்டரம்மா ஒரு தாளில் வரைந்தும் காட்டினார். ஆஸ்ட்ரோசைட் (நட்சத்திர வடிவ மூளை உயிரணு) என்று அதற்குப் பெயர். இந்த நோயில் அது வீங்கிப்போய்த் தன் வேலையை விட்டுவிடுகிறது. பெருக்காமல் கிடக்கும் மிச்சம் நரம்பைக் கெடுக்கிறது. சேதி சொல்லும் இடங்கள் ஒவ்வொன்றாக அற்றுப்போகின்றன. அந்த உயிரணு காப்பாற்றப் பார்த்து வீங்குகிறதா, வீங்கிக் கெடுக்கிறதா என்பது இன்னும் முழுசாகத் தெரியவில்லை என்றும் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்றது எனக்குப் பிடித்தது.

"பாத்துக்கிறதுக்கே நோவு வந்தா அதை யாரு பாத்துக்கிறது?" என்று கேட்டேன்.

மாலா இந்தியில் சொன்னாள். டாக்டரம்மா பேனாவை மூடிவைத்தார். "அச்சா சவால் ஹை, மாஜி," என்றார். நல்ல கேள்வி என்று அர்த்தம்.

மாத்திரை நோயை நிறுத்தாது, கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவுதான் என்றார். கடைசியில் ஒன்று சொன்னார்: எதிரே நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், சொந்தப் பெயர் சீக்கிரம் மறக்காது.

"நம்ம வழக்கம் இல்லன்னு சொல்லு," என்றேன்.

"அம்மா, ப்ளீஸ். இப்ப என்ன வழக்கம்?"

"என் வாய். என் வழக்கம்."

மாத்திரை போட்டு, இரண்டு மூன்று தரம் கூப்பிட்டால் திரும்பினார். பிறகு அதுவும் குறைந்தது. அடுக்களையிலிருந்து "ஏங்க" என்று கூப்பிட்டுவிட்டுக் காத்திருப்பேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், தயவுசெய்து சோதித்துப் பார்க்காதீர்கள். அவர் தோற்பது அவருக்குத் தெரியாது. நமக்குத்தான் தெரியும்.

ஒரு சாயங்காலம் கேட் திறந்திருந்தது. நான் எட்டிப் பார்ப்பதற்குள் அவர் பஸ் வரும் பெரிய ரோட்டில் இறங்கிவிட்டார். "ஏங்க, ஏங்க" என்று கத்தினேன். திரும்பவில்லை. ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. அப்போது அவர் பெயரைச் சொன்னேன். முழுப் பெயரையும், ரோடே கேட்க.

சட்டென்று நின்று திரும்பினார். பஸ் அவரை ஒட்டிக்கொண்டு போனது. அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்து வெகுநாளாகியிருந்தது. நேரே என்னிடம் வந்து முந்தானையைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, பசிக்குதுக்கா."

அவர் அம்மா சீக்கிரமே போய்விட்டாள். வளர்த்தது அக்கா. அந்தப் பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிட்ட பெண் அவள் ஒருத்திதான். அவளும் போய்ச் சேர்ந்து வெகுகாலம்.

அன்றிலிருந்து நான் அக்கா. மறுத்துப் பேசாதே என்று மாலா சொல்கிறாள். நானும் மறுப்பதில்லை. மறுத்தால் அழுகிறார்.

இது நல்லாகும் என்று உங்களுக்கு எழுத முடியாது. ஆகாது. எனக்கு எழுபது தாண்டிவிட்டது. அவருக்குப் பத்து வயதுகூட இருக்காது என்று தோன்றுகிறது. தூங்கும்போது என் கையைப் பிடித்துக்கொள்கிறார். அது தம்பி பிடிக்கும் பிடி. மனசு ஏமாந்தாலும் என் கைக்கு வித்தியாசம் தெரிகிறது.

போன வாரம் சோறு வடித்துக்கொண்டே, பழக்கத்தில், "ஏங்க, சாப்பிட வாங்க" என்று குரல் கொடுத்துவிட்டேன்.

அவர் அடுக்களை வாசலுக்கு வந்து நின்றார்.

"யாரைக்கா கூப்பிடுறே?"

"வெளிய போயிருக்காரு. வந்துருவாரு," என்றேன்.

அவர் தெருக்கதவைப் பார்த்தபடி நின்றார். நானும் பார்த்தேன்.