வேப்பிலை கட்டிய வீட்டில் நான் மறைத்த ட்யூப்

அன்று வீட்டில் இருந்தது அம்மாவும் அக்காவும் நானும். அப்பா இல்லை. அக்காவின் நிச்சயத்தைத் தள்ளி வைக்கும்படி மாப்பிள்ளை வீட்டாரிடம் கேட்க, காலையிலேயே கொழிஞ்சாம்பாறையில் பொள்ளாச்சி பஸ் ஏறியிருந்தார். போனில் சொன்னால் மரியாதை இல்லையாம்.

காரணம் என் முகம். நெற்றியிலும் கன்னத்திலும் சிவந்து, தோல் செதில் செதிலாக உரிந்தது. அம்மை என்று அம்மா முடிவு கட்டினார். "ஆத்தா வந்திருக்குது கண்ணு, பயப்படாதே" என்று வாசலில் வேப்பிலை சொருகினார். மூன்று நாளாக வீட்டில் தாளிப்பு இல்லை. அம்மா தோப்பு வேலைக்கும் போகவில்லை. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து அவர் என் முகத்தில் பூசப் பூச, எரிச்சலில் கண்ணீர் வந்தது. ஆத்தா சோதிக்கிறாள் என்று அவரும் அழுதார்.

அது அம்மை இல்லை. எனக்கு மட்டும் தெரியும். நிச்சயப் போட்டோவில் வெளுப்பாகத் தெரிய வேண்டும் என்று ஒரு கிரீமை வாங்கி, யாருக்கும் தெரியாமல் பத்து நாள் பூசினேன். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். ரேஷன் கார்டு முதல் பூச்சி மருந்து டப்பா வரை, எல்லாருக்கும் படித்துச் சொல்கிறவன். என் ட்யூபோடு வந்த தாளை மட்டும் படிக்கவில்லை.

அம்மை கண்ட வீட்டில் நல்ல காரியம் கூடாது. இந்த ஞாயிறு விட்டால் ஆடி பிறந்துவிடும். அக்காவுக்கு ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப் போயிருந்தது. நிச்சயத்துக்கு எடுத்த சேலையை அவள் மடித்துப் பெட்டியில் வைப்பதைப் பார்த்தேன்.

வாசலில் போய் நின்றேன். வேப்பிலை வாடியிருந்தது. கண்ணை மூடினேன். தாயே, உன் பேரில் ஒளிந்துகொண்டேன். முகம் எப்படியோ போகட்டும். என் வாயைத் திறந்து விடு. அவ்வளவுதான் கேட்டேன்.

கண்ணைத் திறந்தால் படலைத் தள்ளிக்கொண்டு ஆஷா அக்கா வருகிறார். வீடு வீடாக வந்து காய்ச்சல் விசாரிக்கும் சுகாதாரப் பணியாளர். என் முகத்தைத் திருப்பிப் பார்த்தார். "கொப்புளமே இல்லியே. தாடையோட கோடு போட்டாப்ல நிக்குது. என்ன தம்பி பூசினே?"

அம்மா பின்னால் நின்றிருந்தார். பொய் சொல்ல அப்போதும் இடம் இருந்தது. ஆனால் வாய் திறந்தது.

"ஆத்தா இல்லைங்கம்மா. கிரீம் போட்டேனுங்க."

அம்மா அடிக்கவில்லை. "அக்காளப் பாத்துமா சொல்லத் தோணல உனக்கு?" என்றார். அடித்திருக்கலாம்.

அப்பாவுக்கு போன் போட்டேன். பொள்ளாச்சியில் இறங்கி, மாப்பிள்ளை ஊருக்கு அடுத்த பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். "செரி, திரும்பி வாறேன்" என்று வைத்துவிட்டார். அந்த பஸ் அன்றைக்கு இருபது நிமிஷம் தாமதமாம். என்னைப் பொறுத்தவரை அதை நிறுத்தி வைத்தது யார் என்று எனக்குத் தெரியும்.

ஆஷா அக்கா சொன்ன வைத்தியம் இவ்வளவுதான்: கிரீம், மஞ்சள், சோப்பு எதுவும் வேண்டாம். வெறும் தண்ணீரில் கழுவி, துணியால் ஒற்றி, ஈரம் காயும் முன் வாசனையில்லாத பெட்ரோலியம் ஜெல்லி லேசாகத் தடவ வேண்டும். உரியும் தோலைப் பிய்க்கக் கூடாது. வெயிலில் குடை. வீங்கினாலோ நீர் வடிந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. மூன்று வாரத்தில் முகம் தேறியது.

நிச்சயம் அந்த ஞாயிறே நடந்தது. உரிந்த முகத்தோடுதான் நின்றேன். மாப்பிள்ளையின் அம்மா என்ன ஆச்சு என்று கேட்டபோது, அத்தனை பேர் முன்னால் நானே சொன்னேன். சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். அந்தப் போட்டோ இன்றும் வீட்டில் மாட்டியிருக்கிறது.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது என்னைப் போல எதையாவது ஒளித்து வைத்திருந்தால், ஆத்தாவிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். வெட்கம் போகாது, எனக்கும் போகவில்லை. ஆனால் அதைச் சுமக்கத் தெம்பு தருவாள்.

தவறாகக் கட்டினாலும் வேப்பிலை வேப்பிலைதான் என்று அம்மா கோயிலில் பொங்கல் வைத்தார். கிரீம் நூற்றெண்பது, ஜெல்லி நாற்பத்தைந்து, பொங்கலுக்கு அறுநூற்று முப்பது. ஆக மொத்தம் எண்ணூற்று ஐம்பத்தைந்து ரூபாய்.