பட்டிக்கு அடியில் இருந்த வெல்டிங்

என் தங்கையின் கணவருக்குக் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும் வேலை. எனக்கு மர்பி டவுனில் ஒரு வெல்டிங் ஷெட் இருந்தது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் அவர் பொம்மனஹள்ளியிலிருந்து டெம்போவில் ஓர் இரும்புக் கூட்டைக் கொண்டுவந்து ஷெட் வாசலில் இறக்கினார். மேடு பள்ளத்தில் ஓட்டுகிற வெளிநாட்டு பைக்கின் ஃபிரேம். இன்ஜினும் இல்லை, சக்கரமும் இல்லை.

"மச்சான், ஓசூர் ரோட்டுக்கு உள்ள மண்ணுல ரேஸ் விடறாங்க. நான் பேர் குடுத்துட்டேன்."

"இன்ஜின் எங்க மாப்ளே?"

"அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே."

எனக்கு யாரிடமும் முடியாது என்று சொல்ல வராது. தங்கை கணவரிடம் சுத்தமாக வராது. விபத்தில் முன்பக்கம் நசுங்கிப்போன ஒரு நூறு சிசி வண்டியின் இன்ஜினையும் பின் சக்கரத்தையும் பிடித்தோம். முன் சக்கரம் வேறொரு பழைய வண்டியுடையது. அதன் அச்சு மெலிதாக இருந்ததால் இடைவெளியை அடைக்க லேத்தில் புஷ் கடைந்து போட்டேன். உதைத்து ஸ்டார்ட் பண்ணுகிற கிக்கர், கால் வைக்கும் கம்பியில் இடித்தது. கம்பியை அறுத்துப் பின்னால் தள்ளி வைத்தேன். சக்கரங்கள் சின்னவை, வண்டி தாழ்ந்துவிட்டது.

"ரேஸ் வண்டி கேட்டா பால்காரர் வண்டி செஞ்சு வச்சிருக்கீங்க" என்றார்.

வண்டியைப் பார்க்கத் தங்கையும் ஒருமுறை வந்தாள். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் மட்டும் சொன்னாள்: "அண்ணா, அவர் குதிக்கறதும் விழறதும் அவர் பாடு. வண்டி ரெண்டா ஒடஞ்சா அது உன் பாடு."

இன்ஜினைத் தாங்க ஃபிரேமில் புதிதாகத் தகடுகள் வைக்க வேண்டும். முதலில் தகட்டைப் பொட்டுப் பொட்டாக ஒட்டி நிறுத்துவோம். செயின் நேராக ஓடுகிறதா என்று நூல் பிடித்துப் பார்த்த பிறகுதான் சுற்றிலும் முழுதாக வெல்டிங் ஓட்டுவோம். அந்த வாரம் கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. கரண்ட் போனால் சக்கர வேலைக்குப் போவேன், வந்தால் வெல்டிங்குக்குத் திரும்புவேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்துத்தான் வண்டியை அவரிடம் கொடுத்தேன்.

ரேஸ் அன்று காலையில்தான் மறுபடி அதைப் பார்த்தேன். ரத்தச் சிவப்பில் மின்னியது.

"எங்க ஒட்டு போட்டிருக்குன்னு கண்டுபிடிங்க மச்சான் பாக்கலாம்!"

கண்டுபிடிக்க முடியவில்லை. வெல்டிங் இருந்த இடமெல்லாம் கார் வேலைக்குப் பூசுகிற பட்டியைப் பூசி, தேய்த்து, வழவழவென்று ஆக்கி, மேலே பெயின்ட் அடித்திருந்தார். அவருக்கு அதில் அவ்வளவு பெருமை. பின்பக்கக் கீழ்த் தகட்டை நான் தடவிப் பார்த்தேன். இன்ஜினின் பாரம் முழுவதும் தாங்குகிற தகடு அது. அதில் முழு வெல்டிங் ஓட்டினேனா, வெறும் பொட்டோடு விட்டுவிட்டேனா? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

மைதானத்தில் தோல் பூட்ஸ் போட்ட பையன்கள் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் தண்ணீர் லாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். மாப்பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று காத்திருந்தேன். அவரைச் சுற்றி ஆட்கள் குறையவே இல்லை. வண்டிகள் வரிசையில் போய் நின்றன. எல்லா இன்ஜினும் ஒன்றாக உறுமியபோது என் கால்கள் தாமாகவே நடந்து, ஓரமாகக் கட்டியிருந்த கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே போய்விட்டன. ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன மச்சான், எல்லாரும் பாக்கறாங்க, விடுங்க!"

"எறங்குங்க மாப்ளே."

"எதுக்கு?"

"எறங்குங்கன்னா எறங்குங்க!"

அவரிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை. கொடி பிடித்தவர் ஓடி வந்தார். "ஏன்ரீ, ஏனாய்து?" என்று கன்னடத்தில் என்ன ஆச்சு என்று கேட்டார். "ஸ்வல்ப நில்லி சார்" என்று கொஞ்சம் நிற்கச் சொல்லிக் கெஞ்சினேன். நிற்கவில்லை. எங்களை வண்டியோடு ஓரம் தள்ளிவிட்டுக் கொடியை இறக்கினார். மற்ற வண்டிகள் கிளப்பிய புழுதி முழுவதும் எங்கள் மேல் விழுந்தது.

வண்டியைச் சாய்த்துப் போட்டு ஸ்க்ரூ டிரைவரால் பெயின்ட்டைச் சுரண்டினேன்.

"ஐயோ, மூணு கோட்டு அடிச்சேன் மச்சான்!" தன் தோலையே உரிப்பதுபோல் கத்தினார்.

சிவப்பு போனது. பிறகு சாம்பல் நிறப் பட்டி பெயர்ந்து விழுந்தது. அதற்கு அடியில் மீன் செதில் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக வெல்டிங் ஓடியிருந்தது. தகட்டைச் சுற்றி எங்கும் அறுபடவில்லை. திருப்பிப் போட்டு மறுபக்கமும் சுரண்டினேன். அங்கேயும் அப்படியே. என் கைவேலைதான். எப்போது செய்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"என்ன இருக்கு?" என்றார்.

"ஒண்ணும் இல்ல. நல்லா இருக்கு."

"நல்லா இருக்கா? நல்லா இருக்கறதப் பாக்கவா என்ன இழுத்துட்டு வந்தீங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தேன். அவர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் மண்ணில் உட்கார்ந்து என்னையே முறைத்தார்.

வேடிக்கை பார்ப்பவர்கள் நின்ற மேட்டிலிருந்து தங்கை இறங்கி வந்தாள். சுரண்டிய இடத்தைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"வெல்டிங் புடிச்சிருக்கா அண்ணா?"

"நல்லா புடிச்சிருக்கும்மா."

அவள் கணவர் பக்கம் திரும்பினாள். "அப்புறம் என்னங்க உக்காந்திருக்கீங்க? போயி அந்த சார் காலப் புடிங்க. அடுத்த ஆட்டத்துல விடச் சொல்லுங்க."

கொடிக்காரர் எங்கள் வண்டியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் விட்டார்.

இந்த முறை நான் லாரிக்குப் பின்னால் போகவில்லை. தங்கையோடு கயிற்றை ஒட்டி நின்றேன். பெரிய மேட்டில் மாப்பிள்ளை எழும்பியபோது இரண்டு சக்கரமும் தரையை விட்டன, வண்டிக்கு அடியில் வானம் தெரிந்தது. தங்கையின் நகம் என் கையில் பதிந்தது. வண்டி தொப்பென்று இறங்கியது. ஹேண்டில்பார் ஆடியது, இன்ஜின் சத்தம் அறுபடவில்லை. மூச்சு விட்டேன். அடுத்த சுற்றிலும் அதே மேடு, அதே தொப். பிறகு மூச்சைப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை.

மற்றவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்து வண்டியை நிறுத்தித் தண்ணீர் குடிக்கத் தொடங்கிய பிறகு அவர் வந்தார். ஒலிபெருக்கியில் அவர் பெயரைக்கூடச் சொல்லவில்லை. தங்கை கைதட்டினாள். அத்தனை பேர் நடுவில் நானும் தட்டினேன்.