கருப்பையாவின் குளிர்ந்த கால்

பதுளை ஆஸ்பத்திரியில், ஆண்கள் சர்ஜிக்கல் வார்டில் தாதியாக எனக்கு முதல் நாள். கருப்பையாவின் இடது காலைத் தொட்டேன். பச்சைத் தண்ணீராய்க் குளிர்ந்து கிடந்தது. பாதத்தின் மேல் விரல் வைத்து நாடி தேடினேன், இல்லை. அறுபதுகளின் தொடக்கம் அது. அப்படிப்பட்ட கால்களை வெட்டி எடுப்பதுதான் வழக்கம்.

சீமையில் படித்துத் திரும்பியிருந்த எங்கள் சர்ஜன் வேறு வழி சொன்னார். "தொடையில ரத்தக்குழாய் அடைச்சுப் போச்சு. உம்மட காலிலயே வேற ஒரு குழாயை எடுத்து, அடைப்புக்கு மேலயும் கீழயும் தைச்சுவிடுறன். ஆனா அதுக்குள்ள பாதத்தில புண் வந்துதெண்டா, காலை எடுக்கத்தான் வேணும்."

கருப்பையா தேயிலை மலையில் மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டுகிறவர். "கான் அடைச்சா பக்கத்துல இன்னொன்னு வெட்டித் திருப்பி விடுவோமுங்க, அதானே? செய்யுங்கய்யா. பழையபடி காலையில நானும் எம் பொண்டாட்டியும் சேந்து பெரட்டுக்குப் போகணும்."

விடிந்ததும் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம்தான் பெரட்டு. அந்தச் 'சேந்து' எனக்குச் சுருக்கென்று தைத்தது. என் கணவர் யாழ்ப்பாணத்தில் ஆசிரியர். லீவு கிடைத்தால்தான் முகம் பார்ப்போம்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் கருப்பையாவின் மனைவி முத்தம்மா வந்தாள். என் வயதுதான் இருக்கும். தேத்தண்ணிக் கடையில் வாங்கிய கொதிநீரைப் போத்தலில் அடைத்து, அவர் பாதத்தில் வைக்கப் போனாள். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் குளிர்ந்த காலுக்கு அடுப்புச் சூடு காட்டுவார்கள். ரத்தம் ஓடாத காலுக்கோ வெந்து புண்ணானாலும் உறைக்காது. பாய்ந்துபோய்ப் பிடுங்கினேன்.

"கால் ஜில்லுன்னு கெடக்கே மிஸி! நான் சும்மா பாத்துக்கிட்டு இருக்கவா?" என்று அழுதாள்.

என் கோபம் போன இடம் தெரியவில்லை. என்னுடைய கம்பளிக் காலுறையைக் கொண்டுவந்து கொடுத்தேன். "இதைப் போட்டுவிடுங்கோ. உங்கட கைச்சூடு போதும்."

ஆபரேஷன் முடிந்த மறுநாள், அவள் விரலைப் பிடித்து அதே பாதத்தில் வைத்தேன்.

"துடிக்குது மிஸி!"

பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடித்தது. அவள் கையை எடுக்கவில்லை. நானும் போகச் சொல்லவில்லை. பொறாமையாகக்கூட இருந்தது.

இளம் தாதிமாருக்கு ஒன்று சொல்வேன். 'கூடாது' என்று ஒரு கையைத் தடுத்தால், அந்தக் கைக்கு வேறு வேலை கொடுங்கள்.

பென்ஷன் எடுத்த பிறகுதான் நானும் கணவரும் ஒரே வீட்டில் இருந்தோம். அதுவும் அவர் கண்மூடும் வரை, கொஞ்சக் காலம்தான். இப்போது மாரிக் குளிரில் கட்டிலின் மறுபக்கம் கையை நீட்டுகிறேன். கைக்கு வேலை இல்லை.