வேடியப்பன் கல்லின் முன் அத்தை சொன்னது

எங்கள் ஊர் வேடியப்பன் கோயிலுக்கு அண்மையில் பளிங்குத் தரை இட்டு, வாயிலில் ஒரு பலகையும் நட்டிருக்கிறார்கள். ‘தொன்றுதொட்டு ஆண், பெண் இருபாலரும் வழிபட்டுவரும் தலம்’ என்று அதில் எழுதியிருக்கிறது. எழுதியவர்களின் நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அந்தத் தொன்மை என் வாழ்நாளுக்குள், ஒரு நண்பகலில் தொடங்கியது. தொடங்கியபோது நான் அங்கே இருந்தேன். அன்று உடனிருந்தவர்களுள் இன்று எஞ்சியிருப்போர் மிகச் சிலர். ஆகவே இதனை எழுதி வைப்பது என் கடமையாகிறது.

வேடியப்பன் என்பது வில்லேந்திய வீரன் ஒருவனைச் செதுக்கிய நடுகல். அரூர்ச் சாலையிலிருந்து விலகி, நீரற்ற ஓடை ஒன்றின் அக்கரையில் நிற்கிறது. அந்நாளில் பெண்கள் ஓடையைத் தாண்டலாகாது. அங்கே சமைத்த பொங்கலையும் கோழிக்கறியையும் ஆண்களே உண்டு முடிப்பர். வீட்டுக்கு எடுத்து வருவதும் இல்லை. என்னிலும் இளையவனான என் தம்பி கறி மணக்கத் திரும்பி வந்து, என் முகத்தருகே வாயைத் திறந்து ஊதிக் காட்டுவான். தெய்வத்தின் நடுவுநிலைமை குறித்த என் முதல் ஐயங்கள் அங்கேதான் பிறந்தன.

அக்கல்லுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. போருக்குச் சென்று உயிருடன் மீண்டவர் அதன்முன் நின்று, தாம் கண்டதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பூசாரி மஞ்சள்நீரைத் தலையில் ஊற்றுவார். அதன்பின் அதுபற்றி ஊரில் எவரும் அவரிடம் பேசலாகாது. இதற்குச் ‘சொல்லி இறக்குதல்’ என்று பெயர்.

எல்லையில் போர் முடிந்த ஆண்டில் எங்கள் வீட்டார் இருவர் விடுப்பில் வந்தனர். சித்தப்பா காலாட்படை வீரர். அவருக்கு மூத்தவரான அத்தை, படைத்துறை மருத்துவமனையில் செவிலியாக இருந்தார். லெப்டினென்ட் என்னும் பதவி உடையவர்.

“அங்க பாத்தா அத்தைக்கு நீ சல்யூட் அடிக்கணுமா சித்தப்பா?” என்று உணவு வேளையில் கேட்டேன்.

“தொப்பி இருந்தா சல்யூட்டு. தொப்பி இல்லாட்டி வெறப்பா நிக்கணும். இங்க கொழம்பு ஊத்தறவங்க அங்க ஆபீசரு” என்றார் சித்தப்பா.

“அப்ப இன்னும் ரெண்டு வாய் சாப்புடுன்னு உத்தரவு போடறேன்” என்றார் அத்தை.

சித்தப்பா பேசிக்கொண்டே இருப்பார். பாதியில் நிறுத்திச் சுவரைப் பார்ப்பார். ‘சண்டையப் பாத்தவன், அப்படித்தான் இருப்பான்’ என்று வீட்டார் குரலைத் தாழ்த்திக் கொள்வர். அத்தைக்கு வந்திருந்ததை அவ்வாறு பொறுத்துக்கொள்ள எவருக்கும் தோன்றவில்லை. யாரேனும் முகத்தை மூடிப் படுத்திருந்தால் அவரால் தாங்க இயலாது. போர்வையோ துண்டோ, விரைந்து சென்று விலக்கிவிடுவார். சிறுபிள்ளைகளான எங்கள் வரைக்கும் அது விளையாட்டாக இருந்தது. ஆனால் ஈக்களுக்கு அஞ்சிப் புளியமரத்து நிழலில் துண்டால் முகம் மூடி உறங்கிய ஆடவர்களிடமும் அவர் சென்றுவிட்டார்.

“யாரும்மா அது, தூங்கறவன் துண்ட உருவறது? பட்டாளத்துல இதுதான் வேலையா?” என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் எழுந்து உட்கார்ந்து கத்தினார். அதன்பின் அத்தை தெருவில் இறங்கினாலே, “துண்டப் புடிச்சிக்கடா, லெப்டினென்ட்டம்மா வராங்க” என்று இளைஞர்கள் சிரிக்கலாயினர்.

என் தந்தையால் அதைப் பொறுக்க முடியவில்லை. “ஆம்பளைங்க தூங்கற எடத்துல உனக்கென்ன வேலை? போதும். வேலைய எழுதிக் குடுத்துட்டு வூட்லயே இரு” என்றார்.

“எனக்கு வார்டுக்குத் திரும்பிப் போணும்ங்கண்ணா. ஆனா இப்படியே போனா என்னால வேலை பாக்க முடியாது. தம்பி சொல்லி எறக்கறப்ப நானும் சொல்லிக்கறேன்.”

“நீ துப்பாக்கி புடிச்சியா? மருந்து குடுத்தவ. உனக்கு எறக்கறதுக்கு என்ன இருக்குது?”



குறித்த நாளில் ஆடவர் ஓடையைக் கடந்து சென்றனர். பெண்களாகிய நாங்கள் இக்கரையில் நின்றோம். என் கை அத்தையின் கைக்குள் இருந்தது. கல்லின் எதிரே நின்ற சித்தப்பாவிடம் பூசாரி, “என்ன பாத்த?” என்று கேட்டது எங்களுக்கும் கேட்டது. விடை வரவில்லை. மீண்டும் கேட்டார். சித்தப்பாவின் தோள்கள் குலுங்கின. தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் முகத்தை மூடிக்கொண்டார்.

அந்நொடியே அத்தை ஓடைக்குள் இறங்கிவிட்டார். கையை விடாததால் நானும் மணலில் இழுபட்டுச் சென்றேன். “ஏய், பொம்பள தாண்டி வருது” என்று யாரோ கூவினர். அத்தைக்கு அது கேட்டதாகத் தோன்றவில்லை. நேரே சென்று துண்டைப் பற்றி இழுத்தார்.

“மூடாத. முகத்த மூடாதடா.”

சித்தப்பா அவரைப் பார்த்தார். கண்ணீர் வழிந்தபடியே குதிகால்களைச் சேர்த்து, கைகளை உடலோடு ஒட்டி, விறைப்பாக நின்றார். ஊர் ஆடவர் அனைவரும் பார்த்துக்கொண்டிருந்தனர்.

“பூசாரி, அடிபட்டவங்கள தூக்கிக் குடுத்துட்டுத் திரும்பி ஓடினவன் நானு. அதுக்கப்புறம் அவங்களுக்கு என்ன ஆச்சுன்னு பாத்தவங்க இவங்க. மொதல்ல இவங்கள கேளுங்க.”

பூசாரி என் தந்தையைப் பார்த்தார். தந்தை நிலத்தைப் பார்த்தார்.

“கல்லுக்கு எதிர்ல வந்து நின்னாச்சு. கேக்காம அனுப்பற உரிமை எனக்கில்ல” என்று பூசாரி தமக்குத் தாமே சொல்வதுபோல் சொன்னார். “என்ன பாத்த தாயி?”

அத்தை அரசு அலுவலகத்தில் விடையளிப்பவர்போலத் தெளிவாகப் பேசினார். “செத்தவங்க முகத்த மூடறது எங்க வேலைங்க. கட்டில் பத்தல, தரையெல்லாம் ஆளுங்க. ஒரு பையன மூடிட்டு அடுத்தவங்கிட்டப் போயிட்டேன். திரும்பிப் பாத்தா துணி அசைஞ்ச மாதிரி இருந்துச்சு. போய்ப் பாக்க நேரமில்ல. அப்புறம் வந்தேன், தூக்கிட்டுப் போயிட்டாங்க. அது காத்தா மூச்சான்னு எனக்குத் தெரியலீங்க.”

பூசாரி குடத்தை எடுத்து அத்தையின் தலையில் மஞ்சள்நீரை ஊற்றினார். அதன்பின் சித்தப்பாவும் சொன்னார். அது அவருடையது, இங்கு எழுதேன்.

அன்று எனக்கும் பொங்கல் கிடைத்தது. கோழிக்கால் ஒன்றும் கிடைத்தது. தம்பியின் முகத்தருகே ஊதிக் காட்டினேன். அந்த நாளின் பெருவெற்றி அதுவே என்று நெடுங்காலம் எண்ணியிருந்தேன். உண்ட ஆடவர் வழக்கம்போல் மர நிழலில் படுத்தனர். பக்கத்து வீட்டுப் பெரியவர் துண்டைத் தலைக்குக் கீழே மடித்து வைத்துக்கொண்டு, முகத்தில் மொய்த்த ஈக்களைக் கையால் விரட்டிக்கொண்டு கிடந்தார். மற்றவர்களும் அவ்வாறே. வேடியப்பனின் கட்டளை போலும் என்று நினைத்தேன்.

அத்தை ஈரத்தலையுடன் என்னருகே அமர்ந்திருந்தார். பேசலாகாது என்னும் விதியை எனக்கு எவரும் நினைவூட்டவில்லை.

“காத்துதான் அத்தை. அன்னிக்குக் காத்து அடிச்சிருக்கும்” என்றேன், எலும்பைக் கடித்தபடி.

அவர் என் பக்கம் திரும்பினார். “ஆமா சாமி, காத்துதான்” என்று சொல்லி என் வாயைத் துடைத்துவிட்டார். சில நாளில் விடுப்பு முடிந்து வார்டுக்குத் திரும்பினார். என் சொல்லை அவர் நம்பிவிட்டார் என்றே நான் நம்பியிருந்தேன்.

உரையாடல்களை நினைவிலிருந்தே எழுதியிருக்கிறேன். ஓடையைத் தாண்டிய எங்களுக்கு முதலில் பொங்கல் இட்டவர் பூசாரியா, என் தந்தையா என்பது உறுதியாக நினைவில்லை. தந்தையாக இருக்கவேண்டும் என்று மனம் விழைகிறது. அறிந்தோர் எவரேனும் இருப்பின், இதனையும் பலகையையும் சேர்த்தே திருத்தித் தருமாறு வேண்டுகிறேன்.