பேரைச் சொல்லிப் போட்ட மருந்து

கொட்டாங்குச்சியில் அரைத்த பச்சை விழுது, அதன்மேல் ஈரத்துணி. பொங்கலூர்ப் பக்கம் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் அதுதான். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் அயர்ன் போடும்போது கையைச் சுட்டுக்கொண்டவர்கள் காலையிலேயே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். என் மாமனார்தான் மருந்து போடுவார். புறப்படும்போது யாரும் போயிட்டு வரேன் என்று சொல்லக்கூடாது. மறுபடியும் சுட்டுக்கொண்டு வரவா என்பார். என்ன பச்சிலை என்று கேட்கவே கூடாது. பேரைச் சொன்னால் மருந்து பலிக்காது என்பது அவருடைய அப்பன் வாக்கு. கட்டின பெண்டாட்டிக்கே சொல்லாத மனுசர், எனக்கா சொல்வார்?

ஊர்ச் செடிகொடியையும் நாட்டு மருந்தறிவையும் காக்கிற பல்லுயிர்ச் சட்டம் வந்து சில வருஷம் ஆகியிருந்த சமயம். ஒரு மருந்துக் கம்பெனி ஆள் கையில் கட்டோடு நோயாளி மாதிரி வந்து விழுதை வாங்கிப் போயிருக்கிறான். தங்கள் கண்டுபிடிப்பு என்று அந்தக் கம்பெனி காப்புரிமை கேட்டு மனுப் போட்ட பிறகுதான் எங்களுக்கே விஷயம் தெரிந்தது. இது காலங்காலமாக இந்த ஊர் மருந்து என்று கிராம சபையில் சொல்லிப் பதிந்துவிட்டால் மனு நிற்காது என்றார், பஞ்சாயத்துக்கு வந்த அதிகாரியம்மா. மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை. சொன்னால் கைராசி போகும், சொல்லாவிட்டால் மருந்தே போகும். பாவம், யாரிடம் போய் யோசனை கேட்பார்?

கிராம சபையில் எழுந்து நின்று மூன்று இலைகளின் பேரையும் சத்தமாகச் சொன்னார். எல்லாம் வேலியோரம் நாங்கள் தினமும் மிதித்து நடக்கிற செடிகள். மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு வந்தவர்களிடம், தன் கையில் இனி ஒன்றுமில்லை, ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முந்தின நாள்தான் நான் வேலை பார்க்கிற பனியன் கம்பெனியில் அயர்ன் பட்டு என் மணிக்கட்டு கொப்புளித்திருந்தது. நேரே போய் அவர் முன்னால் உட்கார்ந்து கையை நீட்டினேன்.

"பலிக்காது கண்ணு."

"பலிக்காட்டிப் போகுதுங்க மாமா, போடுங்க."

மாமனார் மருமகள் கையைத் தொடுகிற வழக்கமில்லாத வீடு எங்களுடையது. இலையை அரைத்து வந்து தடவிக் கட்டுப் போட்டார்.

மறுநாள் விடிந்ததும் வந்து நின்றார். எரிகிறதா என்று கேட்கக்கூட அவருக்குப் பயம். கட்டைப் பிரித்துக் காட்டினேன். கொப்புளம் அடங்கியிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே அழுதுவிட்டார். எனக்கும் தாங்கவில்லை. மருந்துக் கம்பெனிக்காரன் மனு தள்ளுபடியான சேதி பின்னால் வந்தபோது அதை அவர் அவ்வளவாகக் காதில் வாங்கவில்லை.

இப்போது அரைப்பது நான். வருகிறவர்களுக்கு மூன்று இலைகளின் பேரையும் சொல்லிவிட்டுத்தான் மருந்து போடுகிறேன்.