கோயம்புத்தூரில் மூடுபனி இல்லை

இல்லை, நான் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. இருந்தும் இன்று கால் தரையில் நிற்கவில்லை!

கோயம்புத்தூரில் கல்லூரிகளுக்கிடையே நடக்கும் கூடைப்பந்துப் போட்டிக்கு இன்று எங்கள் குன்னூர் மைதானத்தில் ஆள் எடுத்தார்கள்.

இங்கே மூடுபனி இறங்கினால் தூரத்திலிருந்து வளையம் தெரியாது. நான் அதன் பக்கத்தில் ஓடிப்போய் நின்று கத்துவேன். என் அணித் தோழி சுகன்யா என் குரலைப் பார்த்து எறிவாள். விழும். கைதட்டல் அவளுக்கு. இன்றும் அப்படித்தான்.

ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் பட்டியலை வாசித்தார். என் பெயர் இல்லை. ஏன் சார் என்று கேட்டேன்.

“கோயமுத்தூர்ல மிஸ்ட் ஏதும்மா? கத்தறதுக்குன்னே ஒரு ஆளைக் கூட்டிட்டுப் போகச் சொல்றியா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

சுகன்யா சிரிக்கவில்லை.

“அங்க ரெண்டு பேரு என் முன்னால வந்து நின்னு மறைப்பாங்களேங்க சார். அப்பவும் எனக்கு வளையம் தெரியாதுங்க. இவ சத்தம் வேணுமுங்க.”

சார் அவளையே பார்த்தார். பிறகு பேனாவைக் கேட்டார்.

இதைப் படிக்கிறவர்களே, உங்கள் அணியில் கத்துகிறவர் யார்? பெயரைக் கீழே எழுதுங்கள்.

நான் வீட்டுக்கு வந்து, வெந்நீரில் உப்புப் போட்டுத் தொண்டையைக் கொப்பளித்தேன்.